வெளிநாட்டு ட்ரிப்புக்கு ரயில் பாஸ் வாங்கலாமா வேண்டாமா, ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க

போன மாசம் செம்பூர்லேர்ந்து சித்தி ஃபோன் பண்ணாங்க. "டேய், ஜப்பானுக்கு ஃப்ளைட் டிக்கெட் போடப் போறோம், இந்த ரயில் பாஸ் பாஸ்ங்கறாங்களே அதையும் சேர்த்து இன்னிக்கே வாங்கிடவா, ஏஜென்ட் ரொம்ப அவசரப்படுத்தறாரு"ன்னாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், எந்த நாள் எந்த ஊர்ல தூங்கப் போறீங்க சித்தி? அது இன்னும் முடிவாகலைடான்னாங்க. அப்போ பாஸ் இன்னிக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழமை வரேன், உக்காந்து கணக்கு போடலாம்னு சொல்லி வச்சேன். அன்னிக்கு அவங்க வீட்டு டைனிங் டேபிள்ல, பழைய மாசக் காலண்டர் தாளைக் கிழிச்சு அது பின்னாடி போட்ட கணக்கைத்தான் இங்க எழுதறேன், ஜப்பானோ சுவிஸ்ஸோ ஐரோப்பாவோ எங்க போறவங்களுக்கும் இதே வழிதான்.

முதல்ல நம்ம மனசுல இருக்கற ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நாம பாம்பேல லோக்கல்ல சீசன் பாஸ் எடுத்தே வளர்ந்தவங்க. காலேஜ் சேர்ந்த நாள்லேர்ந்து பாஸ் எடுத்தா லாபம், கவுண்டர்ல நின்னு டெய்லி டிக்கெட் எடுக்கறது நஷ்டம், இது நமக்கு ரத்தத்துல ஊறினது. ஆனா அந்த லாபம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிங்க. மாதுங்காலேர்ந்து சிஎஸ்எம்டி, தினம் போக ஒருக்கா வர ஒருக்கா, மாசத்துல 25 நாள், ஒரே ரூட்டு. அதனாலதான் பாஸ் ஜெயிக்குது. டூர் போற குடும்பம் அப்படியா போகுது? ஒரு ஊர்ல நாலு நாள் தங்கறாங்க, அங்க மெட்ரோவும் பஸ்ஸும்தான், அப்புறம் ஒருநாள் மூட்டை கட்டிட்டு நீள ரயில், மறுபடியும் மூணு நாள் ஊருக்குள்ளயே. நீள ரயில் ஏறுற நாள் மொத்தம் மூணோ நாலோதான் வரும், அந்த மூணு நாலு நாளுக்காக ஏழு நாள் பாஸ் வாங்கலாமா, கேள்வி அவ்வளவுதான்.

அதனால வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல ஊர், அப்புறம் தேதி, அப்புறம் ரயில், கடைசியிலதான் பாஸ். நிறைய பேர் பாஸை முதல்ல வாங்கிடறாங்க, அப்புறம் காசு வீணாகக் கூடாதேன்னு இன்னும் ரெண்டு ஊரைச் சேர்த்து, அம்மா அப்பாவை வேற கூட்டிட்டு ஓடு ஓடுன்னு ஓடறாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா அப்படித்தான் போயிட்டு வந்து, ஜன்னல் வழியா பார்த்ததுதான் ஜாஸ்திப்பான்னு சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு, அவ்வளவு வருஷம் சேர்த்து வச்ச காசு அது.

சரி, பேப்பர் எடுத்துக்கோங்க. இடது பக்கம் தேதி, நடுவுல எங்கேர்ந்து எங்க, வலது பக்கம் ஒரு ஆளுக்கு டிக்கெட் விலை. ஊருக்குள்ள சுத்துறதை இதுல எழுதவே எழுதாதீங்க, ஏன்னா பெரும்பாலும் அது பாஸ்ல வராது. டோக்கியோ மெட்ரோ ஜேஆர் பாஸ்ல, அதாவது நாடு முழுக்க போற ஜப்பான் ரயில் பாஸ்ல கிடையாது, கியோட்டோ பஸ்ஸும் கிடையாது, அதுக்கெல்லாம் சுய்காவோ இகோகாவோ ஒரு கார்டு வாங்கி காசு ஏத்தி தட்டிட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான். டிக்கெட் விலையை அந்தந்த ரயில்வேயோட சொந்த சைட்லயோ ஆப்லயோ பார்த்து எழுதுங்க. பாஸ் விக்கிறவங்களே ஒரு கால்குலேட்டர் போட்டு வச்சிருப்பாங்க, அது சொல்ற விலையை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

சித்தியோட ப்ளான் இது. டோக்கியோல நாலு ராத்திரி, கியோட்டோல நாலு, திரும்ப டோக்கியோல ரெண்டு. கியோட்டோல இருக்கும்போது ஒருநாள் ஹிரோஷிமா போயிட்டு அப்படியே மியாஜிமா தீவும் பார்த்துட்டு வரணும், ஒருநாள் நாரா. சித்தப்பா, சித்தி, பாட்டி, எட்டு வயசுல ஒரு பையன்.

டோக்கியோ கியோட்டோ ஷிங்கான்சென், அதாவது புல்லட் ரயில், அதுலயே வேகமான நொசோமி வண்டில ரிசர்வ்ட் சீட், ஒரு பக்கம் சுமார் 14,200 யென். போக வர 28,400. கியோட்டோ ஹிரோஷிமா ஒரு பக்கம் 11,500 வாக்குல வருது, போக வர 23,000. நாரா போக வர 1,500க்குள்ள. கூட்டினா தலைக்கு கிட்டத்தட்ட 52,900 யென். ஏழு நாள் ஜேஆர் பாஸ் சாதா வகுப்பு நான் பார்த்தப்போ 50,000 யென், நம்ம காசுல 28, 30 ஆயிரம் ரூபா. சித்தப்பா உடனே பேனாவை வச்சுட்டாரு, அப்புறம் என்ன, பாஸ்தான் லாபம், 2,900 யென் மிச்சம்னு.

இங்கதான் பொறுமையா இருக்கணும். அந்த 50,000 யென் பாஸை வச்சுக்கிட்டு நொசோமில சும்மா ஏற முடியாது. 2023 அக்டோபர் வரைக்கும் பாஸ்காரங்க நொசோமில ஏறவே முடியாது, இப்போ ஏறலாம் ஆனா தனியா காசு கட்டணும், டோக்கியோ கியோட்டோவுக்கு ஒரு பக்கம் 4,960 யென். கட்ட இஷ்டமில்லைன்னா ஹிகாரிங்கற இன்னொரு ஷிங்கான்சென்ல போகணும், அது இன்னும் கொஞ்சம் ஸ்டேஷன்ல நிக்கும், நொசோமி ரெண்டேகால் மணி நேரத்துல போறதை அது ரெண்டரை, ரெண்டேமுக்கால் ஆக்கும், வண்டியும் நொசோமி அளவுக்கு அடிக்கடி கிடையாது. ஹிரோஷிமாவுக்கு நடுவுல இறங்கி சகுராங்கற வேற ஷிங்கான்செனுக்கு மாறணும். பாட்டியைக் கூட்டிட்டு அந்த மாறுதலையும் கணக்குல வைக்கணும் இல்லையா. ரெண்டு பக்கமும் நொசோமி வேணும்னா 9,920 யென் கூடுது, மிச்சம்னு சொன்ன 2,900 எங்க போச்சுன்னே தெரியாது.

அப்புறம் நான் பேப்பர்ல ரெண்டாவது பத்தி போட்டேன். நாடு முழுக்க போற பாஸை விட்டுட்டு, ஒரு பகுதிக்கு மட்டும் இருக்கற பாஸ். ஜேஆர் வெஸ்ட் கம்பெனி கன்சாய் ஹிரோஷிமா ஏரியா பாஸ்னு ஒண்ணு தர்றாங்க, தொடர்ந்து அஞ்சு நாள், நான் பார்த்தப்போ 17,000 யென். ஷின் ஒசாகாலேர்ந்து ஹிரோஷிமா வரைக்கும் ஷிங்கான்சென், அதுல நொசோமியும் சேர்த்தியே, நாரா, ஒசாகா, மியாஜிமா போற ஜேஆர் படகு எல்லாம் அதுலயே வந்துடுது. ஒரே ஒரு இடத்துல கவனமா இருக்கணும், கியோட்டோலேர்ந்து ஷின் ஒசாகா வரைக்கும் ஷிங்கான்சென் இதுல கிடையாது, அந்தத் துண்டுக்கு சாதா வண்டி ஏறணும், அரை மணி நேரம் கூட ஆகாது. இப்போ கணக்கு பாருங்க. டோக்கியோ கியோட்டோ போக வர தனி டிக்கெட் 28,400, கூட 17,000, மொத்தம் 45,400. பெரிய பாஸை விட தலைக்கு 4,600 யென் கம்மி, பெரியவங்க மூணு பேருக்கே 13,800 யென், அதுவும் நீள ரயில் எல்லாத்துலயும் நொசோமிலயே போகலாம். பையனுக்கு டிக்கெட்டும் பாதி பாஸும் பாதி, 6லேர்ந்து 11 வயசு வரைக்கும் அப்படித்தான், அதனால அவன் பக்கம் கணக்கு மாறாது.

சித்தி அமைதியா பார்த்துட்டே இருந்தாங்க, அப்புறம் கேட்டாங்க, "ஏன்டா மறுபடி டோக்கியோ வரணும், ஒசாகாலேர்ந்தே ஃப்ளைட் ஏற முடியாதா?" எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா உண்மையான மிச்சம் அங்கதான் இருக்கு. டோக்கியோல இறங்கி ஒசாகா பக்கத்துல கன்சாய் ஏர்போர்ட்லேர்ந்து திரும்பினா ரயில் செலவு 14,200 கூட 17,000, மொத்தம் 31,200 யென்தான், பாஸோட அஞ்சு நாளுக்குள்ள வர்ற மாதிரி தேதி வச்சுக்கிட்டா ஏர்போர்ட்டுக்குப் போற ஹருகா ரயிலும் அதுலயே. ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் ஏறுற டிக்கெட் பல சமயம் போக வர டிக்கெட் விலைக்கே கிடைக்கும், மல்டி சிட்டின்னு போட்டுத் தேடுங்க. அதனால ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடியே இந்த ரயில் பேப்பரைப் போடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் எல்லாரும் ஜப்பான்னா கண்ணை மூடிட்டு பாஸ் வாங்குன்னு சொல்றாங்க? அவங்க பொய் சொல்லலை, ஒரு காலத்துல அது உண்மை. 2023 அக்டோபருக்கு முன்னாடி அதே ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோ கியோட்டோ ஒருக்கா போயிட்டு வந்தாலே கிட்டத்தட்ட போட்ட காசு வந்துடும், மத்ததெல்லாம் ஃப்ரீ மாதிரி. அப்புறம் ஒரே அடியா 50,000 ஆக்கிட்டாங்க, 14 நாள் பாஸ் 47,250லேர்ந்து 80,000 ஆச்சு. அதுக்கு முன்னாடி போயிட்டு வந்த அண்ணன் தம்பி சொல்ற அறிவுரை இன்னும் வாட்ஸாப்ல சுத்திட்டே இருக்கு. யார் பாஸ் பத்தி என்ன சொன்னாலும் முதல்ல நீங்க எந்த வருஷம் போனீங்கன்னு கேளுங்க. என் பேப்பர்ல இருக்கற விலையையும் அப்படியே எடுத்துக்காதீங்க, நீங்க போற தேதிக்கு ஒருக்கா பார்த்துடுங்க, கணக்கு போடற முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

பெரிய ஜேஆர் பாஸ் இப்பவும் யாருக்கு சரின்னா, ஒரே வாரத்துல டோக்கியோ, கனஸாவா, கியோட்டோ, ஹிரோஷிமா, ஃபுகுவோகான்னு தொடர்ந்து நீளமா போயிட்டு மறுபடி டோக்கியோ வர்றவங்களுக்கு. நாலஞ்சு நீள ரயில் ஏழு நாளுக்குள்ள அடைபடணும். அப்படி வந்தா தாராளமா வாங்குங்க, முதல் நீள ரயில் ஏறுற அன்னிக்கு பாஸ் ஆரம்பிக்கற மாதிரி தேதி போடுங்க. இறங்கின அன்னிக்கே ஆரம்பிச்சுட்டு டோக்கியோல நாலு நாள் மெட்ரோல சுத்திட்டிருந்தா பாஸ்ல பாதிக்கு மேல போயிடும், இந்தத் தப்பைத்தான் ரொம்ப பேர் பண்றாங்க.

சுவிஸ் கணக்கு வேற மாதிரி. அங்க டிக்கெட் விலை நிஜமாவே ஜாஸ்தி, அதனால பாஸ் பல பேருக்கு சரியா வரும், ஆனா போட்டி பாஸுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவுல இல்ல, சுவிஸ் ட்ராவல் பாஸுக்கும் ஹாஃப் ஃபேர் கார்டுக்கும் நடுவுல. பாஸ் எடுத்தா ரயில், பஸ், ஏரில போற படகு, பெரிய ஊர்ல ட்ராம், 500 மியூசியம் வரைக்கும் எல்லாம் அதுலயே. மூணு நாள் ரெண்டாம் வகுப்பு 2025ல 244 பிராங்க், ஒரு நாளைக்கு 81 பிராங்க். ஹாஃப் ஃபேர் கார்டுன்னா, ஒருக்கா காசு கட்டினா ஒரு மாசத்துக்கு பெரும்பாலான டிக்கெட் பாதி விலை.

முடிவு பண்றது மலைதான். நம்ம ஆளுங்க சுவிஸ் போறதே பனி பார்க்கத்தானே, எந்த மலைன்னு முதல்ல எழுதுங்க. யுங்ஃப்ராவ்யோக்னா, 3,454 மீட்டர் உயரத்துல 1912லேர்ந்து ஸ்டேஷன் இருக்கே அது, இண்டர்லாக்கன்லேர்ந்து போக வர முழு டிக்கெட் 200 பிராங்க்குக்கு மேல. ட்ராவல் பாஸ் வச்சிருந்தா கிரின்டெல்வால்ட் இல்லைன்னா வெங்கன் வரைக்கும்தான் ஃப்ரீ, அதுக்கு மேல வெறும் 25 சதவீதம் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டுல பாதி விலை. டிட்லிஸ்ல ரெண்டுக்கும் பாதி. ரிகி மலைக்கு ட்ராவல் பாஸ் இருந்தா மலை ரயிலே ஃப்ரீ. இப்போ புரியும் பாருங்க, லூசெர்ன்ல இறங்கி படகுல போயி ரிகி ஏறி, அடுத்தநாள் பெர்ன், அதுக்கு அடுத்தநாள் மோன்ட்ரோன்னு தினம் நகர்றவங்களுக்கு பாஸ். இண்டர்லாக்கன்லயே ரூம் போட்டு நாலு நாள் உக்காந்துக்கிட்டு ஒரு பெரிய மலை மட்டும் ஏறிட்டு வர்றவங்களுக்கு கார்டு. பசங்க இருந்தா ஒரு விஷயம் மறக்காதீங்க, அப்பாவோ அம்மாவோ ட்ராவல் பாஸ் எடுத்தா 6லேர்ந்து 15 வயசு வரைக்கும் பசங்களுக்கு ஃபேமிலி கார்டு காசில்லாம தருவாங்க, ஆனா வாங்கும்போதே கேட்டு வாங்கணும். ரெண்டு பசங்க இருக்கற வீட்டுக்கு இது ஒண்ணே கணக்கை மாத்திடும். கிளேசியர் எக்ஸ்பிரஸ் மாதிரி கண்ணாடி ரயில்ல போகணும்னா பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியா காசு, அதையும் பேப்பர்ல எழுதுங்க.

பாரிஸ், சுவிஸ், இத்தாலின்னு போறவங்க யூரெயில் பாஸ் கேப்பாங்க. இன்டர்ரெயில் அங்க குடியிருக்கறவங்களுக்கு, நமக்கு யூரெயில்தான், 33 நாடு, ஒரு மாசத்துல இத்தனை ட்ராவல் நாள்னு எடுக்கற மாதிரி இருக்கும். இதுல நம்ம ஆளுங்க ஏமாந்து போற இடம் சீட் ரிசர்வேஷன். பிரான்ஸ் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலி ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயின் ஏவிஇ, இந்த வேக ரயில் எதுலயும் பாஸை மட்டும் காட்டி ஏற முடியாது, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொருத்தருக்கும் தனியா ரிசர்வேஷன் காசு கட்டணும், யூரோஸ்டார்ல அது 30 யூரோ வாக்குல போகும். அதைவிட, டிஜிவி, யூரோஸ்டார் மாதிரி வண்டில பாஸ்காரங்களுக்குன்னு சில சீட்தான் ஒதுக்குவாங்க, ரயில் காலியா இருந்தாலும் அந்தக் கணக்கு தீர்ந்துட்டா தீர்ந்ததுதான். ஜூன்ல ஸ்கூல் லீவுல போற குடும்பத்துக்கு இது பெரிய தலைவலி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் பக்கம் பெரும்பாலான வண்டியில ரிசர்வேஷன் கட்டாயமில்லை, அங்க யூரெயில் நல்லா உழைக்கும்.

பாரிஸ் டூ சூரிக், சூரிக் டூ மிலான், ரோம்னு மூணு நாலு ரயில்தான், தேதியெல்லாம் விசாவுக்கே எழுதிக் கொடுத்தாச்சுன்னா பாஸ் வேண்டாம், ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தனித்தனி டிக்கெட் எடுங்க. அங்க ரயில் டிக்கெட் நம்ம ஃப்ளைட் டிக்கெட் மாதிரி, சீக்கிரம் எடுத்தா சல்லிசு, கடைசி நாள் எடுத்தா கண்ணுல தண்ணி வந்துடும். ஷிங்கான்சென் அப்படி கிடையாது, என்னிக்கு எடுத்தாலும் பெரிசா மாறாது, அதனாலதான் ரெண்டு நாட்டுக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது. காலேஜ் முடிச்ச பசங்க, இன்னிக்கு எங்க போறோம்னே காலைல எழுந்துதான் முடிவு பண்ணுவோம்னு பை மாட்டிட்டு கிளம்பறவங்க, அவங்களுக்கு யூரெயில் எடுத்துக் கொடுங்க, 27 வயசு வரைக்கும் 25 சதவீதம் கம்மி வேற. 60 தாண்டினவங்களுக்கு 10 சதவீதம். 4லேர்ந்து 11 வயசு பசங்க ஒரு பெரியவருக்கு ரெண்டு பேர் ஃப்ரீ, ஆனா ரிசர்வேஷன் காசு அவங்களுக்கும் உண்டு.

ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தொகை வந்தா? பாஸ் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், பல பேர் ஒத்துக்க மாட்டாங்க. அவங்க சொல்ற நியாயம், பாஸ் இருந்தா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்கற டென்ஷன் இல்ல, ஒரு ரயில் விட்டா அடுத்த ரயில். தனியா போறவங்களுக்கு அது சரி. ஆனா வயசானவங்களோட போகும்போது ஒருநாள் காலைல பாட்டிக்கு முட்டி வலி, இன்னிக்கு எங்கயும் வரலைன்னா, பாஸ் இருக்கற வீட்ல எல்லார் மூஞ்சியும் சுருங்கும், பாஸ் இல்லாத வீட்ல சரி பாட்டி படுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு பக்கத்துத் தெருவுல காப்பி குடிச்சுட்டு வருவாங்க. எனக்கு அந்த ரெண்டாவது வீடுதான் பிடிச்சிருக்கு.

வாங்கறதுன்னு முடிவானா, விசா கைக்கு வந்தப்புறம் வாங்குங்க. வெளில விக்கிற ஜேஆர் பாஸ்ல ஒரு வவுச்சர்தான் தருவாங்க, அதை எழுதின தேதிலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள அங்க போயி மாத்திக்கணும், அதனால ஆறு மாசம் முன்னாடியே வாங்கி வைக்கறதுல அர்த்தமில்ல. மாத்தறப்போ பாஸ்போர்ட்ல டெம்பரரி விசிட்டர்னு ஒட்டியிருக்கறதைப் பார்ப்பாங்க. பாஸ் தொலைஞ்சா திருப்பித் தர மாட்டாங்க, கழுத்துல மாட்டற பவுச் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. கிரெடிட் கார்டுல வாங்கினா பல கார்டுல 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்அப், அது மேல ஜிஎஸ்டி, ஏஜென்ட்கிட்ட வாங்கினா அவர் எந்த ரேட்ல யென்னை ரூபாயா மாத்தறாருன்னு கேளுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பீங்கன்னு எழுத்துல வாங்குங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏஜென்ட் விசா வர்றதுக்கு முன்னாடியே நாலு பாஸ் வாங்கிக் கொடுத்து, விசா லேட்டாகி தேதி போயி, ஒரு ரூபா கூடத் திரும்பலை.

பெட்டியையும் ஒருக்கா அளந்துடுங்க. டோக்கியோ கியோட்டோ ஹிரோஷிமா ஷிங்கான்சென்ல நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல போற பெட்டிக்கு கடைசி வரிசைல பெட்டி வைக்கற இடத்தோட சீட் எடுக்கணும், பாஸ்னாலும் டிக்கெட்னாலும். சித்தி வீட்டு பெரிய பெட்டி டேப் வச்சுப் பார்த்தப்போ சக்கரத்தோட சேர்த்து 163 வந்துச்சு. சித்தப்பா அதைப் பரண் மேல ஏத்திட்டு சின்னது ரெண்டு எடுக்கலாம்னுட்டாரு.

கடைசில அவங்க டோக்கியோல இறங்கி ஒசாகாலேர்ந்து திரும்பற மாதிரி ஃப்ளைட் போட்டாங்க, ஏரியா பாஸ் விசா வந்தப்புறம். டோக்கியோ கியோட்டோ சீட்டு ஸ்டேஷன்ல சரியா ஒரு மாசம் முன்னாடி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும், நமக்கு அது காலை 6:30, அந்தத் தேதியைக் குறிச்சு வச்சுக்கிட்டா நல்லது. ஃபுஜி மலை தெரியற பக்கம், டோக்கியோலேர்ந்து போகும்போது வலது கை ஜன்னல், சாதா பெட்டில ஈ சீட். பாட்டிக்கு அதுல ஒண்ணு எடுக்கணும்னு சித்தி காலண்டர்ல அந்தத் தேதியை வட்டம் போட்டு வச்சிருக்காங்க.